பாஸ் கம்பிக்கு ஸ்பிரிட் குளியல்

மே 3
சென்னை மே மாசத்துல பாஸ் கிட்டார்ல நாலு பாட்டு வாசிச்சாலே விரல் வேர்வை மொத்தமும் கம்பிக்குள்ள இறங்கிடுது. கணீர்னு இருந்த இ கம்பி (இருக்கிறதுலயே தடிமனானது) இப்ப தொம்முனு மட்டும் அடிக்குது. அதோட அடிச் சுருதி 41 ஹெர்ட்ஸ், சின்ன ஸ்பீக்கர்ல அது எங்க கேக்குது, அதோட கூடவே மேல வர்ற ஹார்மோனிக்ஸ (கிளைச் சுருதிகள) வெச்சுத்தான் காது கண்டுபிடிக்கும், நம்ம ரவுண்ட்வவுண்ட் கம்பியோட (மேல உருண்டைக் கம்பி சுத்துனது) சுத்து இடுக்குல எண்ணெயும் செத்த தோலும் அடைஞ்சு அந்த ஹார்மோனிக்ஸத்தான் அமுக்கிடுது. கம்பி அறுந்தா புதுசு வாங்கலாம், அறுந்து போகலையே!

மே 4
பெரிய ராக் கிட்டாரிஸ்ட் எடி வான் ஹேலனே கிட்டார் கம்பிய வேக வெச்சவரு, நமக்கென்ன. பாத்திரத்துல பத்து நிமிஷம் கொதிக்க விட்டேன், அம்மா எட்டிப் பாத்துட்டு "சேமியாவாடா?"ன்னாங்க. உடனே துடைச்சு ஹேர் டிரையர் போட்டாச்சு, உள்ள இருக்கிறது இரும்பு கோர், ஈரம் நின்னா துரு ஏறிடும். சத்தம் சூப்பர்.

மே 9
சூப்பர் போயிடுச்சு. சுடுதண்ணி அழுக்க இளக்குதே தவிர எண்ணெய முழுசா எடுக்கல போல.

மே 10
ஹார்டுவேர் கடைல பிவிசி பைப் ஒண்ணு, ரெண்டு என்ட் கேப். ஒரு பக்கம் ஒட்டிட்டு கம்பிய நீட்டி விட்டு ஐசோப்ரொபைல் ஆல்கஹால் (எண்ணெயக் கரைக்கிற ஸ்பிரிட்) ஊத்தி மூடி மொட்டை மாடி நிழல்ல வெச்சிருக்கேன் (கேஸ் அடுப்பு பக்கமே போகக்கூடாது, குப்புனு பிடிச்சுக்கும்).

மே 11
ஆல்கஹால் கலங்கிப் பழுப்பா இருக்கு, அடியில கருப்பு மண்டி. வெள்ளைத் துணிய அழுத்திப் பிடிச்சு இழுத்தா இன்னும் கருப்புக் கோடு வருது. காபி ஃபில்டர் பேப்பர்ல வடிகட்டி வெச்சுக்கிட்டேன், மறுபடி ஆகும்.

மே 12
மாட்டியாச்சு. பழைய வளைவு அதே ட்யூனர்ல (கம்பிய முறுக்குற ஆணியில) அதே இடத்துல உக்காரணும், வேற இடத்துல மடக்குனா அங்கயே முறியும். இ, ஏ, ஜி மூணு கம்பியும் புதுசு கணக்கா இருக்கு. டி மட்டும் தேறல, திருப்பிப் பாத்தா ஃப்ரெட் (கிட்டார் கழுத்துல குறுக்க இருக்கிற உலோகப் பட்டை) பட்டு பட்டு அடிப்பக்கம் குழி குழியா தேஞ்சிருக்கு, 12ஆவது ஃப்ரெட்ல லேசாத் தொட்டு ஹார்மோனிக் வாசிச்சா ஒரு சுருதி, அழுத்துனா வேற சுருதி, ரெண்டும் ஒண்ணா இருக்கணும். இதுக்கு எந்தக் குளியலும் உதவாது, டி மட்டும் தனியா வாங்கணும்.

மே 16
கீபோர்டு அண்ணன் "பழைய சத்தமே மெலடிக்கு நல்லாருந்துச்சுடா"ங்கிறாரு. தப்புன்னும் சொல்ல முடியல, மோடவுன்ங்கிற அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிக்கு பாஸ் வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் அறுந்தாலொழிய கம்பியே மாத்த மாட்டாராம், ஆனா அது ஃப்ளாட்வவுண்ட் (தட்டைக் கம்பி சுத்துனது), அந்த மந்தச் சத்தம்தான் அவரு கையெழுத்து. ஸ்லாப் (கட்டை விரலால கம்பிய அடிச்சு வாசிக்கிறது) பண்றவனுக்கு அது ஆகாது. அடுத்த கச்சேரியில ரெண்டு ஸ்லாப் பாட்டு இருக்கு, அண்ணன் மெலடிக்கு டோன் நாபைக் குறைச்சுக்கிறேன்னு சொல்லிட்டேன்.