விமானி அறையில் யார் பேசலாம்?

விமான விபத்துகளின் விசாரணை அறிக்கைகளைத் தேடிப் படிப்பது என் வழக்கம் (வினோதமான பொழுதுபோக்கு என்று வீட்டார் எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்). அவற்றில் என்னை அதிகம் உலுக்குபவை இயந்திரக் கோளாறு பற்றிய பக்கங்கள் அல்ல. விமானி அறையில் பதிவான உரையாடல்கள்தான். ஆபத்தை ஒருவர் கவனித்திருப்பார், அதை வாய்விட்டுச் சொல்லியும் இருப்பார், ஆயினும் அது எடுபட்டிருக்காது. இதற்கு இளையவர்களின் தயக்கத்தைக் காரணம் காட்டுவது எளிது. அந்தத் தயக்கத்தைப் போக்கும் பொறுப்பு கேப்டனுடையது என்பதே என் எண்ணம்.

1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவில், மூடுபனிக்கு நடுவே, புறப்பட அனுமதி கிடைக்கும் முன்பே டச்சு நிறுவனமான கே.எல்.எம்.மின் விமானம் ஓடுபாதையில் விரையத் தொடங்கியபோது, எதிரே வந்த பான் ஆம் விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று விமானி அறையில் உடன் இருந்த விமானப் பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். பேச்சு அத்துடன் முடிந்தது. 583 பேர் இறந்தார்கள். அந்தக் கேப்டன் நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர். பக்கத்தில் இருந்த துணை விமானியை ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன் சோதித்துத் தகுதி வழங்கியவரும் அவரே. அப்படிப்பட்டவரிடம் மறுபடி கேட்க எத்தனை பேருக்கு நா எழும்?

மறு ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் அருகே யுனைடெட் நிறுவனத்தின் 173ஆம் விமானம், லேண்டிங் கியர் (தரையிறங்கும் சக்கர அமைப்பு) கோளாறை ஆராய்ந்தபடி ஏறத்தாழ ஒரு மணி நேரம் வட்டமிட்டு, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. இன்னும் பதினைந்து நிமிடம் என்றால் எரிபொருள் மிகவும் குறைந்துவிடும் என்று பொறியாளர் சொன்னது பதிவில் இருக்கிறது. உடனே இறங்கியாக வேண்டும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. விமானத்தில் இருந்த 189 பேரில் 10 பேர் இறந்தார்கள். அவரும் அவர்களில் ஒருவர்.

இத்தகைய விபத்துகளை முன்வைத்து 1979இல் நாசா ஒரு பயிலரங்கு நடத்தியது. கண்டதை இளையவர்கள் தயங்காமல் சொல்லவும் அதைக் கேப்டன் காதுகொடுத்துக் கேட்கவும் பழக்கும், க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட் எனப்படும் பயிற்சி அதிலிருந்து கிளைத்தது. யுனைடெட் நிறுவனம் 1981இல் அதைத் தொடங்கியது. மூத்த விமானிகள் பலர் அதைக் கேலி செய்தார்கள். கேப்டனின் அதிகாரத்தைக் கூட்டத்துக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள் என்ற அவர்களின் அச்சத்துக்கு, அதே நிறுவனத்தின் 232ஆம் விமானத்தில் நடந்ததுதான் தக்க பதில் என்று நினைக்கிறேன்.

1989 ஜூலை 19 அன்று, அந்த டிசி-10 விமானத்தின் வால் எஞ்சின் சிதறி திரவ அழுத்தத்தால் கட்டுப்பாடுகளை இயக்கும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செயலிழந்தன; திருப்பவோ ஏற்றி இறக்கவோ எந்தக் கருவியும் பயன்படவில்லை. பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி டென்னி ஃபிட்ச் உதவ முன்வந்தபோது, கேப்டன் அல் ஹேன்ஸ் தயங்காமல் அவரை உள்ளே அழைத்து, மிஞ்சிய இரண்டு எஞ்சின்களின் விசையைக் கூட்டிக் குறைக்கும் வேலையை ஒப்படைத்தார். இருக்கைகளுக்கு நடுவே மண்டியிட்டபடி ஃபிட்ச் அந்தப் பிடிகளை இயக்க, மற்ற மூவரும் தத்தம் யோசனைகளைச் சொல்லியபடி இருக்க, விமானம் சூ சிட்டி ஓடுபாதையை எட்டியது. மோதி உடைந்தது உண்மைதான். ஆனால் 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். இதற்கு ஹேன்ஸ் கடைசிவரை அந்தப் பயிற்சியையே காரணமாகச் சொல்லி வந்தார். கட்டளை அவர் கையை விட்டு ஒரு கணமும் போகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

1978 முதல் 1990 வரை நிகழ்ந்த 37 பெரிய விபத்துகளை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்தபோது, 80 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் விமானத்தை ஓட்டியவர் கேப்டன். துணை விமானி ஓட்டும்போது திருத்துவது கேப்டனுக்கு இயல்பாக வருகிறது. கேப்டன் ஓட்டும்போது திருத்த வேண்டியவர் பதவியில் கீழே இருப்பவர். ஆகவே, முதல் சிறு பிழையைத் துணை விமானி சுட்டிக்காட்டும்போது கேப்டனின் முகம் எப்படி மாறுகிறது என்பதை நான் சிறிய விஷயமாகக் கருதவில்லை. அடுத்த பிழையை அவர் சொல்வாரா மாட்டாரா என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது.

நிறுவனங்களுக்கும் இதுவே பொருந்தும். அமெரிக்காவில் 1976 முதல் நாசா நடத்திவரும் திட்டத்தில், விமானிகள் தம் தவறுகளைத் தாமே எழுதி அனுப்பலாம், பெயர் நீக்கப்படும், அறியாமல் செய்த விதிமீறலைப் பத்து நாட்களுக்குள் தெரிவித்தால் பொதுவாகத் தண்டனையிலிருந்து விலக்கு உண்டு. வேண்டுமென்றே செய்த மீறலுக்கும் குற்றச் செயலுக்கும் அந்தச் சலுகை கிடையாது. இந்த எல்லைக்கோடு முன்கூட்டியே தெளிவாக வரையப்பட்டிருப்பதால்தான் விமானிகள் நம்பி எழுதுகிறார்கள்.