கடல் மேடையைக் கழற்ற எவ்வளவு காசு முடியும்?

யாழ்ப்பாணத்தில் பழைய வீடு இடிக்கக் கொடுத்தவர்களுக்கு அந்தக் கணக்கு தெரியும். ஓடு, பனஞ்சலாகை, கதவு நிலை எல்லாவற்றையும் இடிப்பவரே எடுத்துக்கொண்டு கூலியில் கழித்துவிடுவார். நான் கியூஎஸ் (கட்டட வேலைகளின் அளவும் செலவும் கணக்கிடும் படிப்பு) படித்துவிட்டு, கொக்குவிலில் வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு மதிப்பீடு போடுகிறவன். பிரித்தானியாவுக்குக் கிழக்கே உள்ள வட கடலில் வேலை முடிந்துபோன எரிவாயு மேடை ஒன்றைக் கழற்றும் செலவைப் போடச் சொன்னபோது, இந்த வீட்டுக் கணக்கைத்தான் போட்டேன். இரும்பின் நிறை, வெட்டுக்கூலி, கப்பல் வாடகை. அதில் பழைய இரும்பின் விலையைக் கழித்தால் சரி.

பின்னேரம் நாலரைக்கு அழைப்பு. அங்கே மதியம். நிறுவனத்துப் பெரியவர் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "கிணறுகள் எங்கே?"

மேடைக்குக் கீழே, கடலடியிலிருந்து வாயு எடுக்கத் துளைத்த கிணறுகள். நான் ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. பிரித்தானியக் கடலில் இந்த வேலைக்கு ஆகும் செலவில் ஏறக்குறையப் பாதி கிணறு மூடுவதற்கே போகிறது. உள்ளே இருக்கும் குழாயை உருவி, வெளிக்குழாய்க்குப் பின்னால் உள்ள பழைய சீமெந்து இன்னும் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிடிக்காவிட்டால் அந்த இரும்பையே அரைத்தெடுத்துவிட்டுப் புதுச் சீமெந்து இறக்க வேண்டும். எல்லாம் ஒவ்வொரு கிணற்றுக்கும் தனித்தனியாக.

அம்மாவுக்குச் சொன்னேன். "கிணறு தூர்க்க ரெண்டு லோட் மண் காணாதோ?" என்றார். நம் கிணற்றில் தண்ணீர் கிடந்த இடத்திலேயே கிடக்கும், அங்கே வாயு மேலே வர வழி தேடிக்கொண்டே இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். நம்பினாரோ தெரியாது.

அடுத்தது கப்பல். நாள் கணக்கில் வாடகை போட்டிருந்தேன், அலை அடங்கும்வரை சும்மா நிற்கும் நாட்களை விட்டுவிட்டேன். குருநகரில் தொழில் செய்யும் சித்தப்பாவுக்கு இது சொன்னவுடனே விளங்கியது. "சோளகம் எழும்பினா எங்கட வள்ளமும் கரையிலதான். ஆனா என்னட்டை ஆரும் நாள் வாடகை கேக்கிறேல்லைத் தம்பி."

2017இல் பிரென்ட் டெல்டா மேடையின் மேற்பகுதியை, 24,000 தொன்னுக்கு மேல், ஒரே தூக்கில் ஒரு கப்பல் எடுத்தது. நம்முடைய சின்ன மேடைக்கு அந்த வசதி கட்டாது. கால்களைக் கடலிலேயே விட்டுவிடலாமா என்றும் பார்த்தேன். வடகிழக்கு அத்திலாந்திக் நாடுகளின் 1998ஆம் ஆண்டுத் தீர்மானப்படி, 10,000 தொன்னுக்கு மேற்பட்ட பழைய இரும்புக் கால்களுக்குத்தான் அடிப்பாகத்தை விட்டுவைக்க அனுமதி கேட்கலாம். நம்முடையது அந்த நிறைக்குக் கிட்டவும் வராது. ஆகவே முழுதாக எடுக்க வேண்டும், ஒட்டியிருக்கும் மட்டியோடு சேர்த்து. படத்தில் பார்த்தால் இரும்பே தெரியாத அளவுக்கு மட்டி. தூக்கும்போது அதுவும் நிறைதான், கரைக்கு வந்தபிறகு அதை அகற்றுவதற்கும் தனிக்காசு. சித்தப்பா படத்தைப் பார்த்துவிட்டு, "காசு குடுத்தோ எறியினம்?" என்று இரண்டு தரம் கேட்டார்.

நான்காவது தடவைதான் தாள் திரும்பி வரவில்லை. பழைய இரும்பு விலை இப்போதும் அதில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி.