பின்னாலிருந்து வரும் ஹார்ன்

"பயம் பதினஞ்சு" என்றார் அக்கா, வண்டி ஓட்டும் பயத்துக்கு என்னிடம் சிகிச்சைக்கு வருபவர். சிமுலேட்டரில் வேகத்தைக் கூட்டினேன், மழையைப் போட்டேன். "இருபது இருக்கும் மேடம். ஆனா ரோடு ரொம்ப அமைதியா இருக்கே, இது நம்ம ஊர் இல்லையே?"

வங்கியில் வேலை பார்ப்பவர். திண்டிவனம் தாண்டி ஒரு லாரி அவர் ஓட்டிய காரைப் பின்னாலிருந்து இடித்தது. உடம்பில் கீறல் இல்லை. ஆனால் அதற்கப்புறம் இரண்டு வருடமாக அவர் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. சென்னையின் கத்திப்பாரா மேம்பாலம் என்றாலே கை வியர்த்துவிடும்.

பயத்தை 0 முதல் 100 வரை எண்ணாகச் சொல்லும் வழக்கம் 1960களில் ஜோசப் வோல்ப் என்ற மனநல மருத்துவர் கொண்டுவந்தது. எண் ஏறியதும், ரோட்டை நிஜம் போலக் காட்டும் வி.ஆர். கண்ணாடியைக் கழற்றிவிட்டால், தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று மனசு கற்றுக்கொள்ளும். அந்த எண் இறங்கும்வரை ஓட்ட வைக்க வேண்டும். ஆனால் முதலில் ஏற வேண்டுமே! மென்பொருளோ வெளிநாட்டில் செய்தது. லேன் மாறாத கார்கள். ஆட்டோ கிடையாது, ஹார்ன் கிடையாது.

அன்று சாயங்காலம் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் நின்று லாரிகளின் ஏர் ஹார்னைப் போனில் பதிவு செய்தேன். அடுத்த முறை, அவரிடம் சொல்லிவிட்டு, சீட்டுக்குப் பின்னால் ஸ்பீக்கர் வைத்து அதை ஓடவிட்டேன். உடனே 85. அவருடைய இடது கை கியரை விட்டு ஹேண்ட்பிரேக்கைப் பிடித்திருந்தது. விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. அதைப் பிடித்திருக்கும்வரை ஒன்றும் ஆகாது என்று அந்தக் கை நம்பியது. கையை அங்கிருந்து எடுக்க வைக்கவே மூன்று அமர்வுகள் ஆயின.

இன்னொரு சிக்கல் குமட்டல். வண்டி ஓடுகிறது என்று கண் சொல்லும். இல்லை, உட்கார்ந்திருக்கிறோம் என்று உள்காது சொல்லும். அந்தக் குமட்டலையே பயம் என்று எடுத்துக்கொண்டு வராமல் போனவர்கள் உண்டு. அவர்களை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். அதனால் இப்போதெல்லாம் முதல் நாள் சிமுலேட்டரில் காலி ரோட்டில் கொஞ்ச நேரம்தான்.

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் 14 பேருக்கு இப்படிச் சிகிச்சை கொடுத்து 2020இல் ஆய்வு வெளியிட்டார்கள். ஐந்து அமர்வுகள் வி.ஆர்., அப்புறம் டிரைவிங் பயிற்சியாளரோடு நிஜ ரோடு. அதுவரை தவிர்த்த ரோட்டில் எல்லோருமே ஓட்டினார்கள். அந்த நிஜ ரோட்டை விட்டுவிட்டு, மெஷின் மட்டும் போதும் என்று விற்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரட்டை பிரேக் வைத்த பயிற்சிக் காரில் கத்திப்பாரா ஏறினோம். பயிற்சியாளர் பக்கத்தில், நான் பின் சீட்டில். வளைவில் ஒரு பஸ் பின்னால் ஒட்டி வந்து ஹார்ன் அடித்தது. அக்காவின் இடது கை ஹேண்ட்பிரேக் பக்கம் போனது, பாதியில் நின்றது, கியருக்குத் திரும்பியது.

"நாற்பது" என்றார், நான் கேட்காமலே.