பைன் மரத்தைக் கட்டிப்பிடித்து அளந்த கதை

கொடைக்கானல் பைன் காட்டில் எல்லாரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, நான் மட்டும், ஒரு மரம் எவ்வளவு கார்பனைச் சேர்த்து வைத்திருக்கிறது, வருடாவருடம் எவ்வளவு சேர்க்கிறது என்று கணக்குப் போட, தையல்காரர் டேப்போடு ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றேன். சட்டையெல்லாம் பிசின். நெஞ்சுயரத்தில், அதாவது 1.37 மீட்டரில், சுற்றளவு 126 செ.மீ.; 3.14-ஆல் வகுத்தால் விட்டம் சுமார் 40 செ.மீ. அப்புறம் உயரத்தையும் சேர்த்து, அந்த இனத்து மரங்கள் சிலவற்றை ஏற்கெனவே வெட்டி, உலர்த்தி, எடைபோட்டு உருவாக்கிய சமன்பாட்டில் போட்டால், இந்த மரத்தை வெட்டாமலே உலர் எடை கிடைக்கும், அதில் ஏறக்குறையப் பாதி கார்பன். வருட வளர்ச்சிதான் தகராறு. குளிர்நாடுகளில் துளைக்கருவியால் பென்சில் மாதிரி ஒரு குச்சியை மரத்திலிருந்து உருவி, வருடத்துக்கு ஒன்றாக விழும் வளையங்களை எண்ணிவிடுவார்கள். இங்கே மழை முன்னே பின்னே ஆனால் ஒரே வருடத்தில் பொய் வளையமும் விழலாம். அதனால் பெயின்டில் கோடு போட்டு, அடுத்த வருடமும் அதே கோட்டில் அளப்பதே மேல். நான் போட்டது சாக்பீஸ் கோடு, அன்று சாயங்காலமே மழை.