பழைய ரேடியேட்டர்களும் புது பாய்லரும்: கழுவி மாட்டிய வரிசை

வீடு லண்டனில், 1930களில் கட்டியது. இரண்டு தளம், வெந்நீர் ஓடி அறைகளைச் சூடாக்கும் பத்து இரும்பு ரேடியேட்டர், லாஃப்டில் (கூரைக்கு அடியில் உள்ள பரணில்) அவற்றுக்குத் தண்ணீர் தரும் சின்னத் தொட்டி, சமையலறையில் தண்ணீரைக் காய்ச்சும் பழைய வார்ப்பிரும்பு பாய்லர். அதை எடுத்துவிட்டு காம்பி பாய்லர் (ரேடியேட்டரையும் குழாய்க்கு வரும் சுடுதண்ணீரையும் ஒன்றே சூடாக்குவது) மாட்டுவதுதான் வேலை. இங்கே உள்ள தமிழர் வீடுகள் பலவற்றில் இன்னும் இதே அமைப்புதான் ஓடுகிறது.

வார்ப்பிரும்பு பாய்லரின் நீர்வழி அகலமானது. எவ்வளவு சேறு வந்தாலும் இருமிக்கொண்டே ஓடிவிடும். புது பாய்லரின் ஹீட் எக்ஸ்சேஞ்சரில், அதாவது வெப்பம் தண்ணீருக்கு மாறும் பகுதியில், வழி குறுகல். காம்பியில் சுடுதண்ணீருக்கான தகட்டு எக்ஸ்சேஞ்சர் அதைவிடக் குறுகல். பழைய குழாயில் இருக்கும் கறுப்புச் சேறு முதலில் போய் அடைப்பது அங்கேதான். ஷவரில் தண்ணீர் சுடுவதும் ஆறுவதுமாக மாறி மாறி வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சேறு எவ்வளவு என்று முதலில் பார்த்தோம். ரேடியேட்டரின் மேல்பகுதி சுட்டு, கீழே நடுப்பகுதி குளிர்ந்திருந்தால் அங்கே சேறு படிந்திருக்கிறது. லாஃப்ட் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் மெயின் குழாயோடு சேரும் இடத்தில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்க்கலாம். செம்பில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்புத்துரு அடைத்திருக்கிறது என்று அர்த்தம். இந்த வீட்டில் நன்றாகவே ஒட்டியது. அந்தத் துண்டை வெட்டி எடுத்தபோது பென்சில் நுழையும் ஓட்டைகூட மிச்சமில்லை. கூடவே, தொட்டிக்கு மேல் திறந்திருக்கும் வென்ட் குழாய் (அழுத்தம் வெளியேறும் வழி) தொட்டிக்குள் வெந்நீரைக் கக்கிக்கொண்டிருந்தது. கக்கும் ஒவ்வொரு முறையும் தண்ணீரில் புதுக் காற்று கலக்கும். துருவுக்கு அதுதான் தீனி. அடிக்கடி காற்று எடுக்கவேண்டிய ரேடியேட்டர் இருந்தால் கவனம்: வருவது காற்றாக இல்லாமல், துருப்பிடிக்கும்போது உண்டாகும் ஹைட்ரஜனாகவும் இருக்கலாம். பக்கத்தில் தீக்குச்சி வேண்டாம்.

வேலையின் வரிசை இங்கே முக்கியம். பழைய பாய்லர் இருக்கும்போதே கழுவ வேண்டும். புதியதை மாட்டிவிட்டுக் கழுவினால், பெயர்ந்து வரும் சேறு நேராக அதற்குள்தான் போகும். சேறு கரைக்கும் மருந்தாக சென்டினல் எக்ஸ்400 எடுத்தோம்: 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு லிட்டர். அதைத் தொட்டி வழியாக ஊற்றி, வீட்டை வழக்கம்போல் சூடாக்கிக்கொண்டே ஓடவிட்டோம். சூட்டில்தான் மருந்து நன்றாக வேலை செய்யும்.

பிறகு பவர் ஃபிளஷ், அதாவது மெஷினால் தண்ணீரை வேகமாக ஓட்டிக் கழுவுவது. மெஷினை பம்ப் இருந்த இடத்தில் இணைத்து, ஒரே ஒரு ரேடியேட்டரை மட்டும் திறந்து மற்றதையெல்லாம் மூடி, ஓட்டத்தை முன்னும் பின்னுமாக மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் திறந்துவைத்து ஓட்டினால் தண்ணீர் சுலபமான வழியில் போய்விடும். சேறு இருந்த இடத்திலேயே இருக்கும். தெர்மோஸ்டாட் வால்வின் தலையைக் கழற்றுங்கள், உள்ளே இருக்கும் ஊசி இறுகியிருந்தால் அசைத்து விடுங்கள். மிக மோசமாக இருந்த இரண்டு ரேடியேட்டர்களைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போய் ஹோஸில் கழுவினோம். மெஷினைவிட அது வேகம். 8 மி.மீ. மெல்லிய குழாய் போட்ட வீடுகளில் ஃபிளஷை அதிகம் நம்ப வேண்டாம். முழுதாக அடைத்த மெல்லிய குழாயை மாற்றுவதுதான் வழி.

கழுவி முடிந்ததா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் வீட்டுக்கு வரும் குழாய்த் தண்ணீரையும் ரேடியேட்டரிலிருந்து வரும் தண்ணீரையும் அளந்து, வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் வரும்வரை அலச வேண்டும். மருந்து உள்ளே மிஞ்சினால் அதுவே உலோகத்தை அரிக்கும்.

இதற்குப் பிறகுதான் பழைய பாய்லர் இறங்கியது. எரிவாயு வேலை முழுக்க கேஸ் சேஃப் (எரிவாயு வேலைக்காரர்களுக்கான இங்குள்ள பதிவேடு) பதிவு உள்ளவர் கையில். தகுதி இல்லாமல் அதில் நாம் கை வைப்பது சட்டப்படி குற்றம். லாஃப்ட் தொட்டியையும் வென்ட்டையும் நீக்கியதும் அமைப்பு மூடியதாக மாறுகிறது. தொட்டி இருந்தபோது கீழ்த்தள ரேடியேட்டருக்கு இருந்த அழுத்தம் அரை பார் (அழுத்தத்தின் அலகு) அளவுதான். இனி குளிர்ந்த நிலையிலேயே 1 முதல் 1.5 பார், சூடேறினால் இன்னும் கூடும், 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறக்கும். இதுவரை கசியாத பழைய வால்வு கிளாண்டுகள் (வால்வுத் தண்டைச் சுற்றிய அடைப்புகள்) இப்போது கசியலாம். தரைவிரிப்பைத் திரும்ப விரிப்பதற்கு முன்பே பாருங்கள். கசிவை விட்டுவிட்டு வாரம் ஒருமுறை ஃபில்லிங் லூப்பை (குழாய்த் தண்ணீரை உள்ளே விடும் இணைப்பை) திறந்து அழுத்தம் ஏற்றுவது மிகக் கெட்ட பழக்கம்: ஒவ்வொரு தடவையும் புது ஆக்சிஜன் உள்ளே வரும், துருத்தடுப்பு மருந்தும் நீர்த்துப்போகும்.

துருவைப் பிடிக்கும் காந்த ஃபில்டர், தண்ணீர் பாய்லருக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாயில், பாய்லருக்குக் கொஞ்சம் முன்னால், கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இதைத் தாயத்துபோல நினைப்பவர்கள் அதிகம். கழுவாத அமைப்பில் அது மாட்டிய சில நாளிலேயே நிரம்பிவிடும்; சுண்ணாம்புப் படிவையும் மணலையும் காந்தம் பிடிக்காது. துரு உண்டாகாமல் தடுப்பது இன்ஹிபிட்டர் என்ற துருத்தடுப்பு மருந்துதான். சென்டினல் எக்ஸ்100 என்றால் 100 லிட்டருக்கு ஒரு லிட்டர். பத்து சாதாரண ரேடியேட்டருக்கு ஒரு புட்டி போதும். அலுமினிய எக்ஸ்சேஞ்சர் என்றால் பாய்லர் கம்பெனி ஒத்துக்கொள்ளும் மருந்துதானா என்று பார்த்து வாங்குங்கள். உப்பு போட்டு மென்மையாக்கிய தண்ணீரை அதில் நிரப்பலாமா என்பதையும் கையேட்டில் பாருங்கள்.

லண்டன் தண்ணீர் கடினம், அதாவது சுண்ணாம்பு அதிகம். 200 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 200 பங்குக்கு) மேல் கடினத்தன்மை இருந்தால் காம்பியின் சுடுதண்ணீர்ப் பக்கத்துக்கு வரும் தண்ணீருக்கும் சுண்ணாம்புத் தடுப்பு வேண்டும் என்கிறது இங்கிலாந்துக் கட்டட விதிகளின் எல் பகுதி வழிகாட்டி. குளிர்நீர் வரும் குழாயில் ஒன்று மாட்டினோம்.

பாய்லர் மாட்டியதைப் பதியும் பெஞ்ச்மார்க் படிவத்தில் கழுவிய மருந்து, இன்ஹிபிட்டர் இரண்டின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாய்லர்காரர் கிளம்புவதற்கு முன் பாருங்கள். அது காலியாக இருந்தால் வாரண்டி கேட்கும்போது தகராறு வரும். 2019ல் திருத்திய பிஎஸ் 7593 என்ற பிரிட்டிஷ் தரப்படி இன்ஹிபிட்டரை வருடம் ஒருமுறை சோதிக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் அல்லது மருந்தைப் புதிதாகப் போட வேண்டும். ஃபில்டரைக் கழுவும்போது பாய்லரை அணைத்து, இரு பக்க வால்வையும் மூடி, காந்தத்தைத் துடைத்து மாட்டிய பின் அழுத்தத்தைப் பார்த்துச் சரிசெய்தால் போதும்.