கோபம் என்று நான் எழுதிய சொல்

முதல் குழு உரையாடல் இருபது நிமிடத்தில் வற்றிப்போனது. சிகாகோவின் தெற்குப் பகுதியில் ஒரு பள்ளி. பதினைந்து, பதினாறு வயதில் ஏழு கறுப்பின மாணவிகள். நீள மேசையின் ஒரு முனையில் நான், நடுவில் ஒலிப்பதிவுக் கருவி. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் துணைத் தலைமையாசிரியர் இரண்டு முறை நடந்துபோனார். இங்கே கண்டிப்பு எப்படி என்று கேட்டேன். “பரவாயில்லை” என்றாள் ஒருத்தி. மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

நான் அப்போது முனைவர் பட்ட மாணவி, மதுரையிலிருந்து போனவள். கறுப்பினப் பெண் பிள்ளைகளை ஏன் இத்தனை சுலபமாகப் பள்ளியைவிட்டு வெளியே அனுப்புகிறார்கள் என்பதுதான் எங்கள் ஆய்வு. 2011-12 கல்வியாண்டுக்கு அமெரிக்கக் கல்வித் துறை வெளியிட்ட கணக்கில், கறுப்பின மாணவிகளில் 12 சதவீதம் பேர் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். வெள்ளையின மாணவிகளில் அது 2 சதவீதம். ஆனால் வெளியே அனுப்பும்போது அந்தப் பிள்ளையிடம் என்ன சொன்னார்கள் என்பது கணக்கில் வராது. அதைக் கேட்கத்தான் ஃபோகஸ் குரூப், அதாவது சிலரை ஒன்றாக உட்காரவைத்து ஒரே விஷயத்தைப் பேசவிடும் குழு உரையாடல்.

எங்கள் அணியில் அந்த வட்டாரத்திலேயே வளர்ந்த கறுப்பின ஆய்வாளர் ஒருவர் இருந்தார், முன்பு ஆசிரியையாக இருந்தவர். ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு, “நீ கேட்கிறாய், அவர்கள் பதில் சொல்கிறார்கள். இதில் குழு எங்கே?” என்றார். 1940-களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டனும் அவருடைய கூட்டாளிகளும் வானொலி கேட்பவர்களை உட்காரவைத்துப் பேசியதிலிருந்து வளர்ந்த முறை இது என்று நான் படித்திருந்தேன். சமையலறை மேசையைச் சுற்றியும், முடி பின்னும் கடையிலும், தேவாலயத்திலும் கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் பேசி வருகிறார்கள் என்பது அவர் சொல்லித்தான் உறைத்தது.

அப்புறம் எல்லாவற்றையும் மாற்றினோம். இடம், பிரான்ஸ்வில் பகுதியில் உள்ள ஹால் கிளை நூலகம். 1932-இல் திறந்தபோது, சிகாகோ பொது நூலகத்தின் முதல் கறுப்பின நூலகரான விவியன் ஹார்ஷ் பொறுப்பேற்ற இடம் அது. பள்ளி ஆட்கள் யாரும் கிடையாது. சாப்பாடு முதலில், பேச்சு பிறகு. உரையாடலை எங்கள் அணியின் அந்த ஆய்வாளர் நடத்தினார், நான் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்தேன்.

ஒப்புதல் படிவத்தையும் திருத்தினோம். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும், பிள்ளையும் தனியாகச் சம்மதிக்க வேண்டும். தனிப் பேட்டியில் ரகசியம் காப்பேன் என்று நான் சொல்ல முடியும். குழுவில் கேட்ட மற்ற ஆறு பேரின் வாய்க்கு நான் எப்படிப் பொறுப்பேற்பது? அதைப் பூசி மெழுகாமல் எழுதினோம். ஒரு மாணவியின் பாட்டி, ஒலிப்பதிவு யாரிடம் இருக்கும், எப்போது அழிப்பீர்கள் என்று கேட்டுவிட்டு, “டஸ்கிகீ” என்று ஒரே சொல் சொன்னார். அது அலபாமா மாநிலத்தில் ஓர் ஊர். 1932 முதல் 1972 வரை அங்கே கறுப்பின ஆண்களுக்குச் சிபிலிஸ் சிகிச்சை கொடுக்காமலே அரசு ஆய்வு நடத்தியது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அழிக்கும் தேதியைப் படிவத்தில் சேர்த்தோம்.

நூலகத்தில் பேச்சு முடியிலிருந்து தொடங்கியது. பின்னலில் நீல இழை சேர்த்ததற்காக ஒருத்தியை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பியிருந்தார்கள். முடியை வைத்துப் பள்ளிகள் பாகுபாடு காட்டக் கூடாது என்று சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் 2022 ஜனவரி முதல் சட்டம் இருப்பது அவளுக்குத் தெரியாது. “நான் சத்தமாகப் பேசிவிட்டேன், அதனால்தான்” என்றாள். “என்னிடமும் அதையேதான் சொன்னார்கள்” என்றாள் பக்கத்தில் இருந்தவள். மூன்றாமவள் அந்த வாக்கியத்தைச் சொல் பிசகாமல் சொல்லிக் காட்டினாள். அறையே ஒரு கணம் அடங்கிப்போனது. தன் குற்றம் என்று ஒவ்வொருத்தியும் தனியாகச் சுமந்துகொண்டிருந்தது, அங்கே வைத்துத்தான் பொதுவானது. ஏழு தனிப் பேட்டிகள் எடுத்திருந்தால் எனக்கு ஏழு ‘என் தப்பு’தான் கிடைத்திருக்கும்.

ஒரு பிள்ளை மட்டும் கடைசிவரை பேசவில்லை. அவளைத் தனியாகச் சந்தித்தோம். குழுவில் சொல்ல முடியாதது எப்போதும் ஒன்று இருக்கும். அதற்கும் இடம் வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

தொண்ணூறு நிமிடப் பேச்சை எழுத்தாக்க வெளியே கொடுத்தோம். இலக்கணம் ‘திருத்தி’ அனுப்பிவிட்டார்கள். கறுப்பினர் பேசும் ஆங்கிலத்தில் ‘ஷி பி வாட்சிங் அஸ்’ என்று ஒருத்தி சொன்னால், அந்த ஆசிரியை எப்போதும் எங்களைக் கண்காணித்துக்கொண்டே இருப்பாள் என்று பொருள். ‘ஷி இஸ்’ என்று மாற்றினால், இப்போது பார்க்கிறாள் என்று சுருங்கிப்போகும், குற்றச்சாட்டே காணாமல் போகும். மூன்று நாள் உட்கார்ந்து, ஒருத்தி பேசும்போது மற்றவர்கள் போட்ட ‘ம்ம்’ உட்பட, எல்லாவற்றையும் பழையபடி எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து அச்செடுத்த பக்கங்களோடு அதே பிள்ளைகளிடம் போனோம். ஒன்பது இடங்களில் ஓரத்தில் ‘கோபம்’ என்று குறித்திருந்தேன். நீல இழைக்காரி ஒரு இடத்தைத் தொட்டு, “இது கோபம் இல்லை, நான் களைத்துப்போயிருந்தேன். பள்ளிக்கூடத்திலும் என் பேருக்கு எதிரே இதைத்தான் எழுதினார்கள்” என்றாள். அதே வயது வெள்ளையினப் பிள்ளைகளைவிடக் கறுப்பினப் பெண் பிள்ளைகளுக்கு ஆறுதலும் பாதுகாப்பும் குறைவாகவே தேவை என்று பெரியவர்கள் நினைப்பதை 2017-இல் ஜார்ஜ்டவுன் சட்டக் கல்லூரி அறிக்கை காட்டியிருந்தது. அதைப் படித்த கையால்தான் நான் அந்தச் சொல்லை எழுதியிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன்.

அன்று மாலை ஒன்பது இடங்களையும் ஒலிப்பதிவில் மறுபடி போட்டு, அவர்களோடு சேர்ந்து கேட்டோம். இரண்டு இடங்களில் ‘கோபம்’ இருக்கட்டும் என்றார்கள். மற்ற ஏழுக்கும் அவர்களே வேறு சொல் எழுதிக் கொடுத்தார்கள்.