சிறுவாணித் தண்ணீரில் ஆக்சோலாட்டல்: பிஎச் இறங்கிய கதை

கோவை வடவள்ளியில் எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர். குழாயில் சிறுவாணி, மொட்டைமாடி டேங்கில் போர்த் தண்ணீர். எங்கள் ஆக்சோலாட்டல் (தண்ணீரிலேயே வாழும், தலையின் இருபுறமும் செவுள் நீட்டிய ஒரு சாலமாண்டர்) காரி வந்தபோது (கருப்பு நிறம், அதனால் ஊரில் மாட்டுக்கு வைக்கிற பெயரையே வைத்துவிட்டோம்) நாம் குடிக்கிற நல்ல தண்ணீர்தானே என்று 100 லிட்டர் தொட்டி முழுக்கச் சிறுவாணியையே குளோரின் நீக்கி ஊற்றினேன்.

முதல் மாதம் பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு; 7-க்குக் கீழே இறங்கினால் அமிலம்) 7.2. அப்புறம் வாராவாரம் இறங்கி, பத்தாவது வாரம் சோதனைக் குழாயில் பச்சை போய்ச் சுத்த மஞ்சள். என் கிட்டில் மஞ்சள் என்றால் 6.0, அதற்குக் கீழே எவ்வளவு இறங்கியிருந்தாலும் அது காட்டாது. காரியின் செவுள்கள் முன்பக்கம் மடங்கி, வால் நுனி கொக்கி மாதிரி வளைந்திருந்தது. மண்புழுவை முகத்துக்கு நேரே ஆட்டினாலும் திரும்பிக்கொண்டது.

பயத்தில் ஒரு ஸ்பூன் ஆப்பசோடாவைக் கரைத்து ஊற்றினேன். ஒரு மணி நேரத்தில் பிஎச் ஏறியது, காரியோ தொட்டிக்குள் மேலும் கீழும் பாய ஆரம்பித்தது. தொட்டியில் ஏற்கெனவே கழிவிலிருந்து வரும் அம்மோனியா 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இருந்தது. பிஎச் குறைவாக இருக்கும்போது அதில் பெரும்பகுதி அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மோனியமாகக் கிடக்கும், பிஎச் ஒரு எண் ஏறினால் விஷமான பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகும். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. உடனே காரியை வேறொரு டப்பில் புதுத் தண்ணீருக்கு மாற்றினேன். தயவுசெய்து யாரும் சோடாவை அப்படிக் கொட்டாதீர்கள்.

மறுநாள்தான் கேஎச் (தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட்டின் அளவு) பார்த்தேன். சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் முதலில் நீலமாகி, எத்தனையாவது சொட்டில் மஞ்சளாகிறதோ அதுதான் அளவு. புதுச் சிறுவாணித் தண்ணீரில் முதல் சொட்டே மஞ்சள், நீலம் வரவே இல்லை! போர்த் தண்ணீரில் 14 சொட்டு. கழிவை மாற்றுகிற பாக்டீரியா அமிலத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும், அதைத் தாங்கத் தண்ணீரில் கார்பனேட் வேண்டும். அது தீர்ந்ததும் பிஎச் விழுகிறது, பிஎச் விழுந்தால் பாக்டீரியாவும் மந்தமாகி அம்மோனியா தேங்குகிறது. பிஎச் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவன் கேஎச்சைக் கவனித்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

இப்போது மூன்று பங்கு சிறுவாணி, ஒரு பங்கு போர். போர்த் தண்ணீரைப் பிடித்த உடனே சோதிக்க வேண்டாம், கரிவாயு நிறைய இருப்பதால் பிஎச் குறைத்துக் காட்டும், ஒரு நாள் வாளியில் காற்றுக் குழாயோடு வைத்தபின் பாருங்கள். தினம் 20 லிட்டர் வீதம் மாற்றி, அம்மோனியா பூஜ்யமான பிறகே காரியைத் திரும்ப விட்டேன். கார்பனேட் மெல்லக் கரைந்து சேர, ஃபில்டருக்குள் ஒரு வலைப்பையில் கிளிஞ்சல், நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிக்குப் போடுகிறார்களே அதுதான், கழுவிக் கொதிக்க வைத்தது. தரையில் பரப்பக் கூடாது, காரி விழுங்கிவிடும்.

“சிறுவாணிய வெச்சுக்கிட்டு உப்புத் தண்ணியப் போய் ஊத்தறயே கண்ணு” என்று அம்மாவுக்கு வருத்தம். ஆனால் மெக்சிகோவின் சொச்சிமில்கோ ஏரியில் பிறந்த இனம் இது, கொஞ்சம் கடினமான தண்ணீர்தான் அதற்கு ஒத்துவரும்.

ஐந்து வாரமாகக் கேஎச் 4, பிஎச் 7.4, சில்லரில் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) 18 டிகிரி. செவுள்கள் பின்னால் விரிந்து அடர்த்தியாகிவிட்டன, நேற்று மண்புழுவை இடுக்கியோடு சேர்த்துக் கவ்வி இழுத்தது.